கேஷ் காலியான காலை

காலை ஐந்தே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. ஆன்-கால் வாரத்தில் தலைமாட்டில் ஃபோனை வைத்துக்கொண்டு தூங்குகிறவர்களுக்குத் தெரியும், அந்த ரிங்டோன் கல்யாண மண்டபத்தில் வேறு யாருடைய பையிலிருந்து ஒலித்தாலும் வயிறு ஒருமுறை புரளும்.

லேப்டாப்பைத் திறந்தால் டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. சர்வர் எல்லாமே உயிரோடு இருக்கின்றன. சிபியூ சும்மா உட்கார்ந்திருக்கிறது. எரர் லாகில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கிராஃப் மட்டும் தென்னைமரம் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கிறது: நூறு கோரிக்கைகளில் மிக மெதுவான ஒன்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் லேட்டன்சி கிராஃப். வழக்கமாக 20 மில்லிசெகண்டை ஒட்டிக் கிடக்கும் கோடு மூன்று செகண்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கால் பிரிட்ஜில் சேர்ந்ததும் யாரோ கேட்டார்கள், நானும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "கேஷ் சுத்தமா காலி." காபி போட்டுக்கொண்டிருந்த அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆபீஸ்ல கேஷ் காலியா? சம்பளம் வந்துடுமில்லடா?"

வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். இந்தப் பதிவு அந்தக் காலையைப் பற்றியதுதான். கம்பெனி பெயர் வேண்டாம். எச்பேஸ் என்கிற டேட்டாபேஸில் கோடிக்கணக்கான வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எண்ணைக் கொடுத்தால் அந்த ஆளுடைய விவரம் வர வேண்டும். அடுத்து எந்த எண் வரும் என்று யாருக்கும் தெரியாது. ரேண்டம் ரீட் என்பது இவ்வளவுதான்: வரிசையாகப் படிக்காமல், கேட்ட இடத்தை மட்டும் போய் எடுத்துவருவது.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் டேட்டாபேஸ் செய்கிற வேலைகளிலேயே டிஸ்குக்கு மிகவும் பிடிக்காத வேலை இது. நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும் சாதாரண ஹார்டு டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு வேண்டிய இடம் சுழன்று தலைக்கடியில் வர வேண்டும். எல்லாம் சேர்ந்தால் பத்து மில்லிசெகண்டை ஒட்டி வந்துவிடும். அதாவது ஒரு டிஸ்க் செகண்டுக்குச் சுமார் நூறு ரேண்டம் ரீட்தான் கொடுக்கும். அடித்தாலும் உதைத்தாலும் அதற்கு மேல் வராது. மெமரியில் இருப்பதை எடுக்க 100 நானோசெகண்ட் போதும். இரண்டுக்கும் நடுவில் ஒரு லட்சம் மடங்கு.

இந்த வித்தியாசம் ஒரு முழு சிஸ்டத்தில் எப்படித் தெரிகிறது என்பதற்கு என்னிடம் பிடித்தமான ஒரு அட்டவணை உண்டு. கூகுள் 2006-ல் வெளியிட்ட பிக்டேபிள் கட்டுரையில் வரும். எச்பேஸே அந்தக் கட்டுரையைப் பார்த்து எழுந்ததுதான். ஒரு ரோவுக்கு 1000 பைட் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒரே ஒரு சர்வர். ரேண்டம் ரைட் செகண்டுக்கு 8850. ரேண்டம் ரீட்? வெறும் 1212. அதே ரேண்டம் ரீடை, டேட்டா முழுக்க மெமரியில் இருக்கும்படி வைத்துச் சோதித்தால் 10,811.

எழுதுவது சுலபம், படிப்பது கஷ்டம் என்றால் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். இந்த வகை டேட்டாபேஸில் எழுதுவதை முதலில் மெமரியில் ஓரிடத்திலும், லாக் ஃபைலின் கடைசியிலும் ஒட்டிவிட்டுப் போய்விடலாம். ஒழுங்காக அடுக்கும் வேலை பிறகு. அந்தத் தள்ளிப்போட்ட வேலைக்கெல்லாம் விலை கொடுப்பது படிக்கிறவன்.

அந்தக் கட்டுரையில் இன்னொரு விஷயம் எனக்கு முதல் வாசிப்பில் புரியவே இல்லை. 1212-க்குக் காரணம் டிஸ்க் தலை நகர்வது என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் சொல்வது வேறு. ஒவ்வொரு ரீடுக்கும் 64 கேபி அளவுள்ள ஒரு பிளாக் முழுசாக நெட்வொர்க் வழியே வந்து சேருகிறது. அதில் வேண்டியது ஒரு ரோ, 1000 பைட். செகண்டுக்கு 1200 ரீட் என்றால் 75 எம்பி அளவுக்கு டேட்டா வந்து கொட்டுகிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதிலேயே சர்வரின் சிபியூ திணறிவிடுகிறது. தீப்பெட்டி கேட்டவனுக்காக கோடவுனிலிருந்து மூட்டையை இறக்கி, பிரித்து, ஒரு பெட்டியை எடுத்துக் கொடுக்கிற கதை. 500 சர்வராக விரித்தபோது நிலைமை இன்னும் மோசம்: ஒரு சர்வருக்கு 241. மூட்டை தூக்குகிறவர்கள் அதிகமாக, பாதை நெரிசலாகிவிட்டது. இப்படி ரேண்டமாகப் படிக்கிற அப்ளிகேஷன்கள் பிளாக் அளவை 8 கேபிக்குக் குறைத்துக்கொள்கின்றன என்றும் அதே பத்தியில் எழுதியிருக்கிறார்கள்.

எச்பேஸிலும் டிஃபால்ட் 64 கேபிதான். எங்கள் டேபிளில் பல வருஷமாக அதை யாரும் தொடவில்லை. டிஃபால்ட் என்றால் யாரோ யோசித்து வைத்திருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை.

சரி, இறக்கிய மூட்டையை உடனே கோடவுனுக்குத் திருப்பி அனுப்பாமல் கடையிலேயே வைத்துக்கொண்டால் அதுதான் பிளாக் கேஷ். எச்பேஸில் இதை மூன்று அறையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே முறை கேட்கப்பட்ட பிளாக்குகளுக்குக் கால் பங்கு, திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்குப் பாதி, எப்போதும் மெமரியில் இருக்கட்டும் என்று நாம் குறித்துவைத்த டேபிள்களுக்கு மீதிக் கால். யாராவது டேபிள் முழுவதையும் ஒருமுறை ஸ்கேன் செய்தால், அந்த வெள்ளம் முதல் அறையோடு போகும், தினமும் வேண்டியவை ஓரளவு தப்பிக்கும் என்பது ஏற்பாடு. அப்படியும் பெரிய ஸ்கேன் எழுதுகிறவர்கள் படித்ததைக் கேஷில் போடாதே என்று சொல்ல, செட் கேஷ் பிளாக்ஸ் என்கிற அந்த ஒரு வரியை ஃபால்ஸ் என்று வைப்பதுதான் மரியாதை.

எச்பேஸ் ஓடுவது ஜாவாவில். ஜாவா தன் கையில் வைத்திருக்கும் மெமரியான ஹீப்பில் நாற்பது சதவீதம் இந்தக் கேஷுக்கு. மெமரிதான் மலிவாகிவிட்டதே, ஹீப்பைப் பெரிதாக்கிவிட்டால் என்ன? அங்கேதான் ஜாவாவின் குப்பை வண்டி குறுக்கே வரும். ஹீப் பெரிதாகப் பெரிதாக, கார்பேஜ் கலெக்‌ஷன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பெருக்குகிற நேரமும் நீளும். பெருக்கிக்கொண்டிருக்கும் சர்வர் யாருக்கும் பதில் சொல்லாது. பதில் இல்லையே என்று, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்கு வைத்திருக்கும் ஜூகீப்பர் அதற்கு இறப்புச் சான்றிதழ் எழுதிவிடும். அதன் ரீஜன்களை, அதாவது அதன் பொறுப்பில் இருந்த டேபிள் துண்டுகளை, மற்ற சர்வர்கள் பங்கு போட்டுக்கொள்ளும். பெருக்கி முடித்துக் கண் விழிக்கிற சர்வர், தான் செத்துவிட்டதாக ஊரே நம்புவதைத் தெரிந்துகொண்டு, தானே தன்னை முடித்துக்கொள்ளும். எச்பேஸ்காரர்கள் இதற்கு 'ஜூலியட் பாஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நாடகம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நள்ளிரவில் அதை நேரில் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

இதற்கு வழி, கேஷை ஜாவா ஹீப்புக்கு வெளியே கொண்டுபோவது. சீனாவின் அலிபாபா பொறியாளர்கள் கொடுத்த பக்கெட் கேஷ் அதைத்தான் செய்கிறது. குப்பை வண்டி அந்தப் பக்கமே வராது. ஆரம்பத்தில், வெளியே இருக்கும் பிளாக்கைப் படிக்க ஒவ்வொரு முறையும் அதை ஹீப்புக்குள் நகல் எடுக்க வேண்டியிருந்தது. 2018-ல் வந்த 2.0 பதிப்பு அந்த நகலையும் ஒழித்தது. எங்களிடமும் ஒரு சர்வருக்கு 100 ஜிபி பக்கெட் கேஷ் இருந்தது. கேட்டதில் எத்தனை சதவீதம் கேஷிலேயே கிடைத்தது என்று காட்டும் ஹிட் ரேஷியோ 99-ஐ ஒட்டியே நிற்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து நாங்கள் கொஞ்சம் தூங்கிவிட்டோம் என்பதுதான் உண்மை.

ஹிட் ரேஷியோவைப் பற்றி ஒரு வார்த்தை. 99 என்பது 98 ஆனால் யாரும் கவலைப்படுவதில்லை, ஒரு சதவீதம்தானே. ஆனால் டிஸ்க்கின் பக்கம் நின்று பாருங்கள். நேற்று நூறில் ஒன்று வந்தது, இன்று இரண்டு வருகிறது. வேலை இரட்டிப்பு. இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு ரோவைத் தேடும்போது இண்டெக்ஸ் பிளாக், ப்ளூம் ஃபில்டர் பிளாக், கடைசியில் டேட்டா பிளாக் என்று பலதையும் தொட வேண்டும். முதல் இரண்டும் பெரும்பாலும் கேஷிலேயே இருக்கும். அவையும் ஹிட் கணக்கில் சேரும். டேட்டா பிளாக்கில் கோட்டை விட்டாலும் மொத்த மதிப்பெண் முதல் வகுப்பிலேயே நிற்கும். பிளாக் வகைவாரியாகப் பிரித்துப் பார்க்காத ஹிட் ரேஷியோவை நான் இப்போது நம்புவதில்லை.

ப்ளூம் ஃபில்டரைச் சொல்லிவிட்டுச் சும்மா கடந்துபோனால் பாவம். 1970-ல் பர்ட்டன் ப்ளூம் என்பவர் எழுதிய யோசனை. "இந்த ஃபைலில் அந்தச் சாவி இருக்கிறதா?" என்று கேட்டால் "கண்டிப்பாக இல்லை" அல்லது "இருக்கலாம்" என்று மட்டும் சொல்லும். இல்லை என்றால் சத்தியமாக இல்லை. ஒரு ரீஜனில் ஏழெட்டு ஃபைல் கிடந்தால், இது இல்லாத டேட்டாபேஸ் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாக வேண்டும். கேஷைப் பெரிதாக்கப் பணம் கேட்பதற்கு முன் இது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பைசா செலவில்லை.

இப்போது அந்தக் காலைக்கு வருவோம்.

முந்தைய இரவு ஒரு கான்ஃபிக் மாற்றத்துக்காக எல்லா சர்வர்களையும் ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்திருந்தோம். இதற்கென்று 'கிரேஸ்ஃபுல் ஸ்டாப்' என்ற ஸ்கிரிப்ட் உண்டு. சர்வரில் இருக்கும் ரீஜன்களை முதலில் பக்கத்துச் சர்வர்களுக்கு அனுப்பிவிட்டு, பிறகு நிறுத்தும். 'ரீலோட்' என்ற ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுத்தால், சர்வர் எழுந்ததும் அதே ரீஜன்களைத் திருப்பி அழைத்துவரும். எங்கள் கட்டளையில் அந்த ஒரு சொல் விடுபட்டிருந்தது. ரீஜன்கள் போன இடத்திலேயே தங்கின. பிறகு, ரீஜன்களைச் சர்வர்களுக்குச் சமமாகப் பங்கிடும் பேலன்சர் தன் நியாயப்படி அவற்றைக் கலைத்துப் போட்டது. ராத்திரி டிராஃபிக் குறைவு என்பதால் ஒன்றும் தெரியவில்லை. முடிந்தது என்று குட்நைட் சொல்லிவிட்டுப் போனோம்.

இருபது வருஷம் ஒரே தெருவில் கடிதம் போட்ட போஸ்ட்மேன் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை. எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் மாடியில் குடியிருப்பவர்கள் எல்லாம் மனப்பாடம். ஊரில் உள்ள எல்லா போஸ்ட்மேனுக்கும் ஒரே ராத்திரியில் மாற்றல் போட்டால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்திருந்தோம். ஆள் எல்லாம் வேலைக்கு வந்துவிட்டார்கள், டாஷ்போர்டு பச்சை. ஆனால் ஒவ்வொரு வீட்டையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதோடு இன்னொரு இழப்பு. எச்பேஸ் தன் ஃபைல்களை வைக்கும் எச்டிஎஃப்எஸ், எழுதுகிற ஃபைலின் மூன்று பிரதிகளில் ஒன்றை எழுதும் சர்வரிலேயே வைக்கும். அதனால் ஒரு ரீஜனின் ஃபைல்கள் பொதுவாக அதே மெஷினின் டிஸ்கில் இருக்கும். ரீஜன் நகர்ந்தால் ஃபைல் கூடவே நகராது. கேஷும் இல்லை, பக்கத்து டிஸ்கும் இல்லை. ஒவ்வொரு 64 கேபி மூட்டையும் நெட்வொர்க் வழியே.

ஆறரை மணிக்கு டிராஃபிக் ஏறத் தொடங்கியது. நோட்டுப் புத்தகத்தில் ஒரு கணக்குப் போட்டேன், அது இன்னும் என்னிடம் இருக்கிறது. சர்வருக்கு 12 டிஸ்க், ஒன்றுக்கு நூறு, மொத்தம் செகண்டுக்கு 1200 ரீட். காலை உச்சத்தில் ஒரு சர்வருக்கு வரும் கோரிக்கை 10,000. கேஷ் 99 சதவீதம் தாங்கினால் டிஸ்குக்குப் போவது 100. 90 தாங்கினால் 1000, மூச்சு முட்டும், ஆனால் ஓடும். 85 என்றால் 1500. அங்கே முடிந்தது. 1200-க்கு மேல் போனால் கொஞ்சம் மெதுவாகும் என்று நினைக்காதீர்கள். செகண்டுக்கு 300 பேர் வரிசையின் வாலில் சேர்ந்துகொண்டே இருப்பார்கள், வரிசை குறையவே குறையாது. காத்திருந்து அலுத்த கிளையன்ட் டைம்-அவுட் ஆகி அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும். ஏற்கனவே நிற்கிற வரிசையில் அதே ஆள் இரண்டாம் தடவை வந்து நிற்பான்.

அதாவது எங்கள் டிஸ்குகள் சொந்தக் காலில் நின்றால் எட்டில் ஒரு பங்கு டிராஃபிக்கைத்தான் தாங்கும். மீதி முழுக்க கேஷின் தயவு. இதை யாரும் ஒரு முடிவாக எடுக்கவில்லை. கேஷ் நன்றாக வேலை செய்தது, டிராஃபிக் வளர்ந்தது, யாரும் டிஸ்க் வாங்கவில்லை. மூன்று வருஷத்தில் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த நிலை. அம்மா கேட்ட கேள்வி அவ்வளவு தப்பில்லை போல.

கேஷ் நிரம்ப எவ்வளவு நேரம்? 100 ஜிபியை 64 கேபியால் வகுத்தால் பதினாறு லட்சத்துச் சொச்சம் பிளாக். செகண்டுக்கு 1200 வீதம், எல்லாம் கச்சிதமாக நடந்தால்கூட 23 நிமிஷம். கச்சிதமாக எங்கே நடக்கிறது!

அப்போதுதான் நான் அந்தத் தப்பைச் செய்யப் போனேன். மேஜர் கம்பாக்‌ஷன் ஓட்டினால் ஃபைல்கள் எல்லாம் புதிதாக உள்ளூர் டிஸ்கில் எழுதப்படும், லோக்காலிட்டி திரும்பும். ஷெல்லில் கட்டளையை அடித்துவிட்டு, "மேஜர் கம்பாக்ட் போட்டுடறேன்க்கா" என்றேன்.

எங்கள் டீமில் எல்லோருக்கும் அக்காவான ஒருவர் லைனில் இருந்தார். "இருடா. எண்டர் தட்டிடாதே."

"லோக்காலிட்டி வந்துடுமேக்கா."

"வரும். கம்பாக்‌ஷன் முடிஞ்சா பழைய ஃபைல் போயிடும்ல? கேஷ்ல இருக்கற பிளாக் எந்தப் பேர்ல இருக்கு?"

ஃபைல் பெயரும், அதற்குள் எந்த இடம் என்பதும்தான் கேஷின் சாவி. புது ஃபைல், புதுப் பெயர். கடந்த ஒரு மணி நேரத்தில் கஷ்டப்பட்டு நிரம்பியிருந்த கொஞ்சநஞ்சமும் யாரும் தேடாத பெயரில் கிடந்து செத்துப்போகும். போதாததற்கு, ஏற்கனவே மூச்சுத் திணறுகிற டிஸ்குகளை வைத்துக்கொண்டு மொத்த டேட்டாவையும் படித்து மறுபடி எழுதச் சொல்லியிருப்பேன். பேக்ஸ்பேஸை அழுத்திக்கொண்டே இருந்தேன், கட்டளை மறையும்வரை.

பிறகு செய்ததெல்லாம் சாதாரணம். முன்னால் இருக்கும் சர்வீஸில் டிராஃபிக்கைப் பாதிக்கு மேல் வெட்டினோம். முக்கியமில்லாத பக்கங்கள் "பிறகு முயலவும்" என்றன. பேலன்சரை நிறுத்தினோம். ரீஜன்களைப் பழைய வீட்டுக்கு அனுப்பினோம். முந்தைய நாள் லாகிலிருந்து அதிகம் கேட்கப்பட்ட எண்களை எடுத்து, ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மூலம் நாங்களே மெதுவாகக் கேட்டுக் கேட்டு கேஷைச் சூடாக்கினோம். கதவை ஐந்து ஐந்து சதவீதமாகத் திறந்தோம். பத்தரைக்குத்தான் கோடு கீழே படுத்தது.

இந்தச் சுழலில் விழுந்தவர்கள் நாங்கள் மட்டுமில்லை என்பது ஒரு ஆறுதல். 2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் சுமார் இரண்டரை மணி நேரம் படுத்தது. கேஷில் தப்பான கான்ஃபிக் மதிப்பு இருந்தால் டேட்டாபேஸிலிருந்து சரியானதை எடுத்துவந்து திருத்தும் ஒரு தானியங்கி ஏற்பாடு அவர்களிடம் இருந்தது. அன்று டேட்டாபேஸில் இருந்த மதிப்பே தப்பாகத் தெரிந்தது. எல்லா கிளையன்ட்களும் ஒரே நேரத்தில் டேட்டாபேஸுக்கு ஓடின. செகண்டுக்கு லட்சக்கணக்கான கேள்விகள். டேட்டாபேஸ் திணறி எரர் கொடுத்தால், அதையும் தப்பான மதிப்பு என்று எடுத்துக்கொண்டு கேஷில் இருந்த சாவியை அழித்தன. அழிந்ததால் மறுபடி டேட்டாபேஸுக்கு. கடைசியில் சைட்டையே நிறுத்திவிட்டுத்தான் மீட்க முடிந்தது.

2013-ல் அவர்கள் வெளியிட்ட மெம்கேஷ் கட்டுரையில் இந்த மாதிரிக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு அழகான வழி இருக்கிறது. கேஷில் இல்லாத ஒரு சாவியை ஆயிரம் பேர் கேட்டால், ஒருவருக்கு மட்டும் டோக்கன். அவர் போய் எடுத்துவரட்டும், மற்றவர்கள் சற்று நில்லுங்கள். ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூட்டம் நெரிக்கும் சாவிகளில் டேட்டாபேஸின் உச்ச சுமை செகண்டுக்கு 17,000-லிருந்து 1300-க்கு இறங்கியதாக எழுதியிருக்கிறார்கள். காலியான புது கிளஸ்டரை, ஏற்கனவே சூடாக இருக்கும் கிளஸ்டரிலிருந்து நிரப்பிக்கொள்ளும் முறையும் அதில் உண்டு. நாள் கணக்கு மணிக் கணக்காகிறது.

இதை எழுதினால் கமெண்டில் யாராவது கேட்பார்கள்: இப்போதெல்லாம் எஸ்எஸ்டி வந்துவிட்டதே? வந்துவிட்டது, நல்லதும்கூட. நல்ல என்விஎம்இ டிஸ்கில் ஒரு ரேண்டம் ரீட் நூறு மைக்ரோசெகண்டை ஒட்டி முடிகிறது. பழைய ஹார்டு டிஸ்கோடு பார்த்தால் நூறு மடங்கு. மெமரியோடு பார்த்தால் இன்னும் ஆயிரம் மடங்கு பின்னால். ஆனால் ஒன்று நிஜமாகவே மாறிவிட்டது. உள்ளூரில் இவ்வளவு வேகமான டிஸ்க் இருக்கும்போது, நெட்வொர்க் தாண்டி இன்னொரு மெஷினில் ரெடிஸ் என்கிற தனிக் கேஷை வைத்து, அங்கே போய்க் கேட்டுவருவதில் லாபம் பழைய அளவுக்கு இல்லை. டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறதா, முன்னால் ஒரு ரெடிஸைச் சொருகு என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போடுவது இதனால்தான். பிளாக் அளவு, ப்ளூம் ஃபில்டர், உள்ளே இருக்கும் கேஷ், எத்தனை ஃபைல் கிடக்கிறது, இதெல்லாம் பார்த்தாயா என்று முதலில் கேட்பேன். பார்த்திருக்க மாட்டார்கள். ரெடிஸைச் சொருகினால் ஒரே விவரம் இரண்டு இடத்தில் இருக்கும், என்றாவது ஒருநாள் இரண்டும் இரண்டு பதில் சொல்லும், அந்த ஃபோனும் எனக்குத்தான் வரும்.

அதற்குப் பிறகு நாங்கள் சிலவற்றை மாற்றினோம். பிளாக்கை 16 கேபி ஆக்கினோம். 8 வேண்டாம், இண்டெக்ஸ் வீங்குகிறது என்றார் அக்கா. பக்கெட் கேஷை ஃபைலில் வைத்து, ரீஸ்டார்டுக்குப் பிறகும் பிழைத்திருக்கும்படி செய்தோம். ரீலோட் என்ற சொல் ஸ்கிரிப்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டது, யாரும் கையால் அடிக்க வேண்டியதில்லை. கொஞ்சம் டிஸ்கும் வாங்கினார்கள். அந்த மெயிலில் என் நோட்டுப் புத்தகப் பக்கத்தின் ஃபோட்டோதான் அட்டாச்மென்ட்.

மாதத்தில் ஒரு புதன்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, எல்லோரும் சீட்டில் இருக்கும்போது, ஒரு சர்வரின் கேஷை நாங்களே வேண்டுமென்று காலி செய்கிறோம். எல்லோரும் எழுந்து வந்து ஒரே திரையைச் சுற்றி நிற்போம். அக்கா டீயோடு வருவார். கோடு மேலே போகும், ஒரு இடத்தில் தயங்கும், பிறகு இறங்கும். போன மாதம் இறங்க நாற்பது நிமிஷம் ஆனது. அதற்கு முந்தைய மாதம் முப்பத்தொன்று. ஒன்பது நிமிஷம் எங்கிருந்து வந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.